முழங்கை வரை நீலம்

அருமைநாதனின் வேட்டி குடையாக விரிந்து தலைக்கு மேலே போன காணொளியைப் பார்க்காதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. கிணற்றில் விழுந்த ஒரு பெண்ணையும், அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த குழந்தையையும், அவளுடைய மணிக்கட்டை மட்டும் பிடித்து அவர் வெளியே கொண்டுவந்த காட்சி அது. இரண்டு உயிர்கள் பஞ்சு போல மேலே வந்தன. மக்கள் திரும்பத் திரும்பப் பார்த்தது வேட்டியைத்தான். உள்ளே பட்டாபட்டி டிரவுசர் இருந்ததால் நிலைமை அத்துடன் நின்றது.

அவரை மாநில மீட்புப் பிரிவில் சேர்த்துக்கொண்ட அரசு, முதல் வேலையாக அவருக்கு ஓர் உடை வேண்டும் என்று முடிவு செய்தது. பத்திரிகைகள் சூப்பர் ஹீரோ என்று எழுதின. அரசாணையில் அந்தச் சொல் இல்லை. 'சிறப்பு மீட்பாளர் (எடை நீக்கம்)' என்று இருந்தது. பக்கத்து மாநிலத்தில், நெருப்பில் நடக்கும் ஒருவருக்கு வெள்ளி நிறத்தில் கவசம் மாதிரி ஒன்று செய்து கொடுத்திருந்தார்கள். அதன் படம் துணை இயக்குநர் சிவப்பிரகாசத்தின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. அவர் கோப்புகளில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அது கண்ணில் பட்டது.

உடையை வடிவமைக்கப் பூங்கோதையை நியமித்தார்கள். ஈரோட்டுப் பெண். ஜவுளித் தொழில்நுட்பம் படித்து, தீயணைப்பு வீரர்களின் சீருடைத் துணியில் ஆராய்ச்சி செய்தவள். சூப்பர் ஹீரோவுக்குச் சட்டை தைக்கிறாள் என்று சொன்னால் மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள் என்று அவள் அம்மா, 'கவர்ன்மென்ட்டுல டெக்ஸ்டைல் ஆபீசர்' என்று சொல்லி வைத்திருந்தார்.

அருமைநாதன் அளவு கொடுக்க வந்தபோது கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். ஒல்லியான ஆள். ஐ.டி.ஐ. படித்துவிட்டு ஃபிட்டராக இருந்தவர். முகத்தில் எப்போதும் மன்னிப்புக் கேட்கத் தயாராக ஒரு பாவனை.

"உள்ள வாங்க. இது உங்களுக்கு எப்படி வருதுங்க?"

"நான் நெனச்சா வரும் மேடம். பதற்றமானா நெனைக்காமலே வந்துடும்."

"துணியைத் தாண்டிப் போகுமா?"

"என் தோல்ல படற துணிக்குப் போகும். அதுக்கு அந்தாண்ட போகாது. ஒரு ஆளைத் தூக்கணும்னா தோலோட தோல் படணும். அவரு இன்னொருத்தரு கையைப் பிடிச்சிருந்தா அவருக்கும் எடை போயிடும். அப்படியே எத்தனை பேருன்னாலும் போய்க்கிட்டே இருக்கும். நடுவுல ஒரு முந்தானை வந்தாலும் அத்தோட சரி."

"மேல போனதுக்கப்புறம்?"

"மேல போறது மட்டும்தான் நம்ம கையில இருக்கு. மத்தபடி காத்து எந்தப் பக்கம் தள்ளுதோ அந்தப் பக்கம்."

அப்படியானால் முதுகில் ஒரு சிறிய விசிறி வேண்டும் என்று அவள் குறித்துக்கொண்டாள். பிறகு டேப்பை எடுத்து அவர் மணிக்கட்டைச் சுற்றினாள். அவள் விரல் நுனி அவர் தோலில் பட்டது. முதலில் டேப்பின் தொங்கும் நுனி எழுந்து நின்றது. பிறகு அவளுடைய குதிகால்கள் தரையை விட்டன.

"சாரி மேடம்."

"இதை நீங்க நெனச்சீங்களா?"

"இல்ல மேடம்."

"அப்ப பதற்றமா?"

அவர் கூரையைப் பார்த்தார். அது கொஞ்சம் கிட்டே வந்திருந்தது. பூங்கோதை மணிக்கட்டின் அளவைக் குறித்துக்கொண்டாள். வந்த வேலையை விட முடியாது. முழங்கை, புஜம், தோள் அளவுகளையும் அந்த உயரத்திலேயே எடுத்தாள்.

உடைக் குழுவின் கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன. சிவப்பிரகாசம் கெட்டவர் இல்லை. எல்லோருக்கும் ஏலக்காய் டீ வரவழைப்பார். தோளிலிருந்து அங்கவஸ்திரம் மாதிரி ஒன்று தொங்கினால் பாரம்பரியமாக இருக்கும் என்றார். எடையில்லாத துணி தொங்காது என்று பூங்கோதை சொன்னாள். நம்பாததால் செய்து காட்டினாள். அங்கவஸ்திரம் எழுந்து, அருமைநாதனின் முகத்தைச் சுற்றி நிதானமாகக் கட்டிக்கொண்டது.

"சரி, அது வேண்டாம்," என்றார் சிவப்பிரகாசம்.

மார்பில் உலோக முத்திரை வேண்டாம், தைத்த முத்திரை போதும் என்றாள். சம்மதித்தார். தோளில் மெத்தை வேண்டாம் என்றாள். சம்மதித்தார். குதிகால் உயர்ந்த பூட்ஸை அவரே விட்டுக்கொடுத்தார். அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. அரசு அலுவலகத்தில் இவ்வளவு நியாயமான மனிதரை அவள் பார்த்ததில்லை.

"கையுறை மட்டும் முழங்கை வரைக்கும் வரட்டும்மா. கருநீலம். உடம்போட ஒரே கலர்."

"கையுறை போட்டா தூக்க முடியாதுங்க சார். தோல் படணும்."

"லுக் கம்ப்ளீட் ஆகலையேம்மா."

"உள்ளங்கையில ஒரு திறப்பு வெக்கறேன் சார். பாக்கவும் புதுசா இருக்கும்."

"ஓட்டை வேண்டாம். ஓட்டை போட்ட கையுறைன்னு கார்ட்டூன் போடுவான்."

"அப்ப எப்படிங்க சார் தூக்கறது?"

"தேவைப்பட்டா கழட்டிக்கட்டும். யார் வேண்டாம்னா?"

பூங்கோதை இதை ரசனைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு அதிகாரிக்கும் ஏதாவது ஒரு பொருள் மேல் ஆசை இருக்கும். இவருக்குக் கையுறை. சட்டென்று கழற்ற வசதியாக மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு ஜிப் வைத்துக் கொடுத்தாள். பின்னலாடைத் துணியில், முதுகில் விசிறியோடு, உடை நன்றாகவே வந்தது. அருமைநாதன் அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

"எங்கம்மா இருந்திருந்தா போட்டோ புடிச்சு மாட்டியிருக்கும்," என்றார் கடைசியில்.

முதல் அழைப்பு, பஜாரில் ஒரு லாட்ஜில் பிடித்த தீ. பட்டப்பகல். உடை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கப் பூங்கோதையும் வண்டியில் போனாள். அவர் காதில் இருந்த மைக்கில் பேசுவது அவளுக்கும் கேட்கும். மூன்றாவது மாடிப் பால்கனியில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் மட்டும் மாட்டிக்கொண்டிருந்தார். அருமைநாதன் மிதந்து போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்று, கையுறைகளைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு, கையை நீட்டினார்.

"கையைப் பிடிங்க சார். பயப்படாதீங்க."

அந்த மனிதர் கையைப் பார்த்தார். புகையில் இருமினார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"திண்டிவனம் பக்கம் சார். கையைக் குடுங்க."

"திண்டிவனத்துல எங்க?"

அருமைநாதன் சொன்னார். ஊரைச் சொன்னார், அதில் எந்தத் தெரு என்றும் சொன்னார். மைக்கில் கொஞ்ச நேரம் கண்ணாடி வெடிக்கும் சத்தம் மட்டும் வந்தது.

"பரவால்ல தம்பி. ஏணி வருதுன்னு சொன்னாங்க."

"ஏணி இந்தச் சந்துக்குள்ள வராது சார்."

"அந்தக் கையுறை போட்டிருந்தியே, நல்லாத்தான் இருந்துது. அதைப் போட்டுக்கிட்டு வாயேன்."

"அதைப் போட்டா எடை போகாது சார்."

"போட்டுத்தான் பாரேன்."

கடைசியில் அவர் கீழே இருந்த தகரக் கொட்டகை மேல் குதித்தார். கால் உடைந்தது. ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி, மீட்பாளர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டார் என்று தொலைக்காட்சிக்குச் சொன்னார்.

மறுநாள் வந்த உத்தரவு சுருக்கமாக இருந்தது. கையுறையைச் சட்டைக் கையோடு சேர்த்துத் தைத்துவிட வேண்டும். ஜிப் வேண்டாம்.

பூங்கோதை உத்தரவை எடுத்துக்கொண்டு நேராக சிவப்பிரகாசத்தின் அறைக்குப் போனாள். டீ வந்தது. அவள் தொடவில்லை.

"சாதியாங்க சார்?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த வார்த்தையெல்லாம் மினிட்ஸ்ல வர வேண்டாம்மா. நான் அதெல்லாம் பாக்கறவன் இல்ல. எனக்கு ஆள் உயிரோட வெளிய வரணும், அவ்வளவுதான். கையை நீட்டினா வரமாட்டேங்கறான். கையுறையை நீட்டினா வருவான்."

"கையுறையை நீட்டினா தூக்க முடியாதே சார்."

"அதுக்குத்தானேம்மா டிசைனர் வெச்சிருக்கோம்," என்றார் அவர். கிண்டலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே நம்பிச் சொன்னார்.

அருமைநாதன் தையல் கூடத்து வாசலில் நின்றிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு விஷயம் புரிந்தது.

"உங்களுக்கு இப்பத்தான் தெரியுமா மேடம்?"

"ஸ்டைலுக்குன்னு நெனச்சேன்."

"நீங்க ஈரோடுன்னு சொன்னா, ஈரோட்டுல எங்கன்னு யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

அவள் யோசித்தாள். கேட்டிருக்கிறார்கள். அவள் சொன்ன பிறகு 'அட, நம்ம பக்கம்' என்று சிரித்திருக்கிறார்கள். அந்தக் கேள்விக்கு வேறு முடிவும் உண்டு என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

"தைச்சுடுங்க மேடம். மேல போய் டாட்டா காட்டிட்டு வரேன்," என்றார் அருமைநாதன்.

அவள் தைக்கவில்லை. காற்றைவிட மெல்லிய துணி எதுவும் கிடைக்குமா என்று ஒவ்வோர் ஆலையாக அலைந்தாள். எவ்வளவு மெல்லியதானாலும் துணி துணிதான். நடுவில் வந்துவிடும். அப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில், தொட்டி ஓரமாக நின்றிருந்த ஒருவரிடம், "இந்தக் கையுறை எங்கங்க வாங்குனீங்க? அருமையா ஒட்டி நிக்குதே," என்று கேட்டாள்.

"இது கைதானுங்க," என்றார் அவர்.

திரும்பி வந்து, தோலுக்குக் கெடுதல் செய்யாத எதையெல்லாம் பூசலாம் என்று பார்த்தாள். முதலில் மருதாணி. அது சிவந்த பிறகு அதன் மேல் அவுரி. இரண்டும் சேர்ந்தால் கறுப்புக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு நீலம் வந்தது. உடையின் நிறத்துக்கும் அதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. முழங்கையில் உடை முடியும் இடத்தில் ஒரு மெல்லிய பட்டி வைத்தால் போதும். யார் பார்த்தாலும் கையுறை.

அருமைநாதனிடம் சொன்னபோது அவர் நெடுநேரம் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பூசினா எத்தனை நாள் நிக்கும்?"

"ஒரு வாரம், பத்து நாள். அப்புறம் வெளுக்கும். மறுபடி பூசணும்."

"என் கையை என் கை இல்லைன்னு சொல்லி நீட்டணும். அதானே மேடம்?"

"நாம ஒண்ணும் சொல்ல வேண்டாம். அவங்களா நெனச்சுக்கட்டும்." சொல்லும்போதே அது அவ்வளவு நல்ல பதிலாக அவளுக்குப் படவில்லை. "மழை வருதுன்னு சொல்றாங்க. கொள்ளிடம் நெறஞ்சு போகுது. அதனாலதான்."

அவர் கைகளை நீட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, உள்ளங்கையிலிருந்து தொடங்கினாள். உடனே இருவரும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்கள். கடைசியில் அவரை மேசைக் காலோடு துண்டால் கட்டிப்போட்டு, அவள் ரப்பர் உறை மாட்டிக்கொண்டு பூச வேண்டியிருந்தது. நடுவில் அம்மா போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்ன கண்ணு பண்றே?"

"மருதாணி வெச்சுட்டிருக்கேன்ம்மா."

"யாருக்கு?"

"ஆபீஸ் வேலைம்மா."

"பையனா?" என்றார் அம்மா. மேசை லேசாக ஆடியது. பூங்கோதை போனை அணைத்தாள்.

குழுவுக்கு முன் அவர் கைகளை நீட்டி நின்றபோது சிவப்பிரகாசம் எழுந்து வந்து சுற்றிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"இதாம்மா லுக்கு! என்ன மெட்டீரியல்?"

"மனுஷத் தோலுக்கு ரொம்ப நெருக்கமான மெட்டீரியல் சார்."

"விலை?"

"கம்மிதான் சார்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

கொள்ளிடம் கரையை உடைத்துக்கொண்டு வயலில் இறங்கிய நாள் காலை, அருமைநாதன் கரையோரத்து ஊர் ஒன்றின் மொட்டை மாடிகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தார். பூங்கோதை உடையாத கரையில், முகாமின் தார்ப்பாய்க்குக் கீழே நின்று காதில் கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் வீட்டில் நான்கு பேர். கையை நீட்டினார், பிடித்தார்கள், வந்தார்கள். இரண்டாவது வீட்டில் ஏழு பேர். கொடியில் காயப்போட்ட துணி மாதிரி வரிசையாக, ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி மழையில் மிதந்து வந்தார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கை கருநீலமாக இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

ஊரிலேயே பெரிய வீட்டின் மாடியில் மாணிக்கவேலு என்ற பெரியவரும் நிறைமாத மருமகள் சுகன்யாவும் இருந்தார்கள். மகன் வெளிநாட்டில். சுகன்யாவுக்கு வலி எடுத்திருந்தது. தண்ணீர் மாடிப்படியின் கடைசிப் படியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

"நில்லுப்பா," என்ற குரல் பூங்கோதைக்குக் கேட்டது. "உன்னை டிவியில பாத்திருக்கேன். கையுறை போட்டிருக்கியா?"

"பாத்துக்கங்கய்யா," என்றார் அருமைநாதன்.

மழைச் சத்தம். சுகன்யா, "மாமா, எனக்கு முடியல மாமா," என்றாள். பெரியவர் ரொம்ப நேரம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தது போலிருந்தது.

"சரி. மொதல்ல மருமவப் புள்ளையைப் புடி. அது கையை நான் புடிச்சுக்கறேன்."

மூவரும் முகாமுக்கு வந்து இறங்கினார்கள். சுகன்யா பூங்கோதையின் தோளைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினாள். அன்று மதியமே சுகாதார நிலையத்தில் பெண் குழந்தை பிறந்தது.

சாயங்காலத்துக்குள் அந்த ஊரில் ஒருவர் பாக்கியில்லாமல் கரைக்கு வந்துவிட்டார்கள். பூங்கோதைக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அதில் 'உடையின் அழகும் பயன்பாடும் ஒருங்கே அமைந்தமைக்காக' என்று எழுதியிருந்தது. அவள் அதை அருமைநாதனிடம் காட்டினாள். அவர் இப்போது அவளை மேடம் என்று கூப்பிடுவதை விட்டிருந்தார்.

"நல்லா எழுதியிருக்காங்க கோதை."

"உங்களுக்கு சந்தோஷமா இல்லையா?"

"இருக்கு. எல்லாரும் உயிரோட இருக்காங்கல்ல." கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். "அந்த லாட்ஜுக்காரரு என் கையைப் பாத்து வேணாம்னாரு. அதுலயாவது நான் இருந்தேன். இப்ப இத்தனை பேரு புடிச்சாங்க, ஒருத்தரும் என் கையைப் புடிக்கல. ஒரே ஒருத்தராவது, இது அருமைநாதன் கைன்னு தெரிஞ்சு, பகல்ல, நாலு பேரு பாக்கப் புடிக்கணும். வேற ஒண்ணும் வேணாம். அதுக்கப்புறம் நீ எந்தக் கலர் வேணும்னாலும் அடி."

அவள் தன் கையை நீட்டினாள்.

"நீ புடிப்பே. அது கணக்குல வராது," என்றார். ஆனாலும் பிடித்துக்கொண்டார். அவர்கள் கொஞ்ச நேரம் கூரைக்குப் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

சாயம் வெளுக்கத் தொடங்கியபோது மறுபடி பூசச் சொல்லி சிவப்பிரகாசம் நினைவூட்டினார் என்று சொல்ல முடியாது. அவருக்குக் கையுறை என்றுதான் தெரியும். பூங்கோதைதான் கலவையைத் தயார் செய்தாள். அருமைநாதன் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனார். கைகள் அங்கங்கே நீலமும் அங்கங்கே தோலுமாக ஆயின. அப்போதுதான் சுகன்யா போன் செய்தாள்.

"அண்ணா, பாப்பாவுக்குப் பேர் வெக்கறோம். நீங்க வராம வெக்க மாட்டேன்."

வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். தண்ணீர் நின்ற அடையாளம் சுவரில் மாடி விளிம்பு வரைக்கும் இருந்தது. அருமைநாதன் முழுக்கைச் சட்டை போட்டு, பொத்தானைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். பூங்கோதையின் கைப்பையில் ஒரு டப்பாவில் கலவை இருந்தது. அவள் அதை வேண்டுமென்றுதான் எடுத்து வந்தாள், ஏன் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

மாணிக்கவேலு அவர்களைப் பார்த்ததும் வேகமாக வந்து, மாட்டுக் கொட்டகைப் பக்கம் தனியாக அழைத்துப் போனார். அருமைநாதனின் கையைப் பார்த்தார்.

"வெளுத்துடுச்சே தம்பி."

அருமைநாதன் சட்டைக் கையைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும். கையுறைக்கு ரேகை இருக்குமா? உள்ளங்கையில பளிச்சுன்னு ஓடுது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது நமக்குள்ள. ஆனா ஊருக்கு, அது கையுறைன்னே இருக்கட்டும். இன்னிக்கு சம்பந்தி வீட்டு ஆளுங்கல்லாம் வந்திருக்காங்க. பூசிட்டு வந்திருக்கலாம்ல?"

பூங்கோதையின் கை தானாகக் கைப்பையை மூடிக்கொண்டது.

"பூசினா ஊறணும்யா. நேரமாவும்," என்றார் அருமைநாதன் மரியாதையாக. "பாப்பாவைப் பாத்துட்டுக் கெளம்பிடறோம்."

பெரியவர் தலையாட்டினார். நிம்மதிப்பட்டவர் மாதிரிதான் தெரிந்தது. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

பந்தலுக்குள் சுகன்யா குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். அருமைநாதனைப் பார்த்ததும் எழுந்து வந்து, யாரையும் கேட்காமல், குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டாள். "புடிங்கண்ணா. நீங்கதான் மொதல்ல தூக்கினீங்க, உள்ள இருக்கும்போதே."

அருமைநாதன் அவ்வளவு சிறிய குழந்தையை அதுவரை தூக்கியதில்லை. சட்டைக் கை மேலே ஏறிக்கொண்டது. பாதி நீலமும் பாதி கறுப்புமான கையில், வெறும் உடம்போடு, எண்ணெய் தேய்த்த குழந்தை கிடந்தது. எல்லோரும் கையைத்தான் பார்த்தார்கள். அவருக்குப் பதறியது.

குழந்தையும் அவருமாக எழுந்தார்கள்.

முதுகில் விசிறி இல்லை. பந்தலின் கிழக்குப் பக்கம் துணி கட்டாமல் திறந்திருந்தது. ஆற்றிலிருந்து வந்த காற்று அவரை அந்தப் பக்கமாக, பந்தலின் விளிம்புக்கு, அதைத் தாண்டி வெறும் வானத்துக்கு, அவசரமே இல்லாமல் தள்ளிக்கொண்டு போனது. அருமைநாதன் குழந்தையை ஒரு கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, மற்றதைக் கீழே நீட்டினார்.

"யாராவது புடிங்க!"

"துணியைப் புடிங்க!" என்று கத்தினாள் பூங்கோதை. "தோலைத் தொடாதீங்க! பேன்ட்டைப் புடிங்க, சட்டையைப் புடிங்க! தோலைத் தொட்டா நீங்களும் போயிடுவீங்க!"

அது சரியான யோசனை. அவள் அதற்குத்தான் படித்திருந்தாள். மாணிக்கவேலு அதைக் கேட்கவில்லை. ஒரு நாற்காலி மேல் ஏறி, தாவி, அந்தக் கையைப் பிடித்தார். உடனே அவரும் மேலே போனார்.

"மாமா," என்றார் அவருடைய மைத்துனர் சண்முகம் கீழேயிருந்து, தயக்கமாக. "கையுறை..."

"வாயை மூடிட்டு என் காலைப் புடிடா!"

சண்முகம் பிடித்தார். வெறுங்கால். அவரும் போனார். அவர் காலை சம்பந்தி பிடித்தார். சம்பந்தி கையை அவர் மனைவி பிடித்தார். "துணியைப் புடிங்கன்னா!" என்று பூங்கோதை தொண்டை வறளக் கத்திக்கொண்டே இருந்தாள். குழந்தை போகிற பதற்றத்தில் ஒருவருக்கும் துணி ஞாபகம் வரவில்லை. கையில் கிடைத்த கையை, காலை, காதைக்கூட, பிடித்தார்கள். பந்தல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் இரண்டு குடும்பமும் ஒரே சங்கிலியாக ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் பூங்கோதை ஓடிப்போய், கடைசி ஆளின் வேட்டி நுனியைப் பிடித்துப் பந்தக்காலில் முடிச்சுப் போட்டாள்.

எல்லோரும் மேலே நின்றார்கள். குழந்தை மட்டும் சிரித்தது.

"தம்பி," என்றார் மாணிக்கவேலு, தான் பிடித்திருந்த கையைப் பார்த்தபடி. "பதறாதப்பா. நான் புடிச்சிருக்கேன்ல."

அருமைநாதன் கண்ணை மூடி மூச்சு விட்டார். அந்தச் சங்கிலி, நூலைச் சுற்றி இறக்குகிற பட்டம் மாதிரி, மெதுவாகக் கீழே வந்தது. கால் தரையில் பட்டதும் ஒவ்வொருவராகக் கையை விட்டார்கள். சிலர் தங்கள் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டார்கள். சம்பந்தி வீட்டில் இரண்டு மூன்று பேர் சாப்பிடாமலே கிளம்பினார்கள். மற்றவர்கள் இலை போட்டாச்சா என்று கேட்டார்கள்.

சுகன்யா குழந்தையை வாங்கிக்கொண்டாள். மாணிக்கவேலு மட்டும் கையை விடவில்லை.

"மாமா, எறங்கியாச்சு," என்றாள் சுகன்யா.

"விட்டா மறுபடியும் போயிடுவான்," என்றார் அவர். பிடித்தபடியே பந்திக்கு நடந்தார். அருமைநாதனைத் தன் பக்கத்து இலையில் உட்கார வைத்தார். சோறு வந்தது, சாம்பார் வந்தது. இரண்டு இலைகளும் அப்படியே இருந்தன.

"அவரு எப்படி மாமா சாப்பிடுவாரு? வலது கையை நீங்க புடிச்சிருக்கீங்க," என்றாள் சுகன்யா.

மாணிக்கவேலு அதை யோசித்தார். பந்தியில் எல்லோரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு எழுந்து, சுற்றிக்கொண்டு வந்து, அருமைநாதனுக்கு மறுபக்கத்து இலையில் உட்கார்ந்து, அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார்.